மகள் கண்ட ஓட்டையும் மச்சானின் காசும்

என் கடை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. என் மிளகில் ஒரு பப்பாளி விதையைக் காட்டுகிறவருக்கு அந்தச் சாக்கு முழுவதும் இனாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். காய்ந்த பப்பாளி விதையும் மிளகும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கலப்படக்காரனுக்கு அது வசதி. மாத்தளை டவுனில் வேறு எந்த மிளகு வியாபாரிக்கும் இப்படி ஒரு பலகை மாட்டத் தைரியம் வரவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, யாரும் வந்து பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரத்தோட்டைப் பக்கமிருந்து லொறியில் வந்திறங்கும் மூட்டைகளைச் சுமந்து பிழைத்தேன். இன்றைக்கு மிளகும் கராம்பும் சாதிக்காயும் என் ஸ்டோர் வழியாகத்தான் கொழும்புக்குப் போகின்றன. ஒரு பிடி மிளகைக் கையில் எடுத்தால் அது எந்த மலையில் விளைந்தது, மழையில் நனைந்ததா என்று சொல்லிவிடுவேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அந்தப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது. விதையைக் கண்டவர் கடைக்குள்ளே வந்து முதலாளியிடம் மட்டும் சொல்ல வேண்டும். வாசலில் நின்று கூச்சல் போட்டால் இனாம் இல்லை. ஒரு சாக்கில் விதை இருந்ததற்காக ஸ்டோரில் இருக்கிற நல்ல மிளகு அத்தனைக்கும் கெட்ட பெயர் வரக் கூடாது அல்லவா? இது வியாபாரம் தெரிந்த எவனுக்கும் விளங்குகிற நியாயம். இந்த நியாயத்தால் என் வீட்டுக்குள் ஒரு நாள் இப்படி ஒரு பிளவு வரும் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு ஒரே மகள். கம்பஸ் முடித்து, கொழும்பில் கொஞ்சக் காலம் வேலை பார்த்து, பிறகு வேலையைக் கையோடு கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். ஸ்டோருக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. கீழே கராம்பு வாசம், மேலே கம்பியூட்டர். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று பள்ளிவாசல் ஜமாஅத்தில் கேட்பார்கள். படித்தவர்களுக்கே விளங்கப்படுத்த முடியாமல் அவள் திண்டாடுவாள். எனக்கு மட்டும் ஒரே நாளில் விளங்கியது.

பிளொக்செயின் என்று ஒன்று இருக்கிறது. அங்கே வங்கி இல்லை, மனேஜர் இல்லை, இரும்புப் பெட்டி இல்லை. உலகம் முழுக்க இருக்கிற கம்பியூட்டர்கள் ஒரே கணக்கை ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. காசு யாருக்கு, எப்போது போக வேண்டும் என்கிற விதியை எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தை யாரும் வாசிக்கலாம். நல்லவனும் வாசிப்பான், கள்ளனும் வாசிப்பான். அதில் ஓர் ஓட்டை இருந்து அது கள்ளன் கண்ணில் பட்டால், ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாருடைய காசும் போய்விடும். போனது போனதுதான். ஆகவே அந்த நெட்வேர்க் நடத்துகிறவர்களே அறிவித்து வைத்திருக்கிறார்கள்: ஓட்டையைக் கண்டால் எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள், அடைத்து முடிக்கும்வரை வேறு யாரிடமும் வாய் திறக்காதீர்கள், வெகுமதி தருகிறோம். பக் பவுண்டி என்று அதற்குப் பெயராம்.

"இது என்ட பலகைதானே மகள்!" என்றேன்.

"அதேதான் வாப்பா. நீங்க எனக்கு முந்தியே தொடங்கிட்டீங்க" என்று சிரித்தாள்.

வெகுமதி வாங்குவது ஹலால்தானா என்று மௌலவியிடமும் கேட்டேன். தொலைந்துபோன ஒட்டகத்தைத் தேடிக் கொடுக்கிறவனுக்குக் கூலி பேசி வைப்பது மார்க்கத்தில் உள்ளதுதான் என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் என் மகள் ஒட்டகம் தேடுகிறாள் என்றே சொன்னேன்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் கூடப்பிறந்த நானா, அதாவது அண்ணன். அதற்கு முன்பே என் சிநேகிதன். மூட்டை சுமந்த காலத்தில் அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. என்னிடம் மாற்றிக் கட்ட இரண்டாவது சாரம் இல்லாத நாளில், இவன் முன்னுக்கு வருவான் என்று தன் வாப்பாவிடம் வாதாடி எனக்குத் தங்கையைக் கட்டிக் கொடுத்தவன். அவன் சொன்னபடியே நான் முன்னுக்கு வந்தேன். அவன் இரத்தோட்டை ரோட்டில் ஒரு பலசரக்குக் கடையோடு நின்றுவிட்டான். அதனால் எங்களுக்குள் பொறாமை இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சோறு.

அவனுக்கு ஒரு மிளகுக் காணி இருந்தது. ரூபாய் விழுந்து, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாங்கள் எல்லோரும் கியூவில் நின்றோமே, அதற்குக் கொஞ்சம் பின்னால் அதை விற்றான். இளைய மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம் நடக்கும். ஆனால் கையில் இருக்கிற ரூபாய் நாளைக்கு என்ன ஆகுமோ என்று எல்லோரும் பயந்திருந்த நேரம். டோஹாவில் இருக்கிற அவனுடைய மகன்தான் அந்தக் காசை இப்படி ஒரு நெட்வேர்க்கில் போட்டு வைத்தான். டொலர் மாதிரியே ஏறாமல் இறங்காமல் நிற்கிற காசாம். தான் போட்டதோடு நிற்காமல் தன் அறையில் இருக்கிற பையன்களையும் போட வைத்திருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சோறு தின்று கை கழுவிய ஈரத்தோடு மச்சான் தன் போனை என் மகளிடம் நீட்டினான்.

"மகள், நீ இந்த வேலதானே செய்ற. என்ட புள்ளட ஊடு முழுக்க இதுக்குள்ள இருக்கு. இது நல்லதா கெட்டதாண்டு ஒருக்கா பாத்துச் சொல்லு."

"பாக்கிறேன் மாமா. கூலி என்ன தருவீங்க?"

"கூலியா? தேர்க் கூட்டத்தில உன்னத் தோள்ல தூக்கி வச்சி பலூன் வாங்கித் தந்தவன்கிட்டயா கூலி கேக்கிற? வாப்பாட புத்தி அப்பிடியே வந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி அடுப்படியில் நின்று, "நானா, அவளுக்குப் பலூன் வாங்கித் தந்தத இன்னும் எத்தன வருசத்துக்குச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

இனி எழுதப்போவது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மகள் தேடினாள். மாமா கேட்டதற்காகவே தேடினாள். அந்த நெட்வேர்க்கை அதுவரை அவள் தொட்டதே இல்லை. நோன்பு மாதம் முடியப் போகிற நேரத்தில் ஓட்டையைக் கண்டாள். யாராவது தன் காசைத் திருப்பிக் கேட்டால் அந்த நெட்வேர்க் முதலில் காசைக் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகுதான் கணக்கில் கழித்தது. கொடுப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவே, வித்தை தெரிந்த ஒருவன் மறுபடியும் கை நீட்டினால் மறுபடியும் கொடுக்கும். திரும்பத் திரும்ப நீட்டினால் பெட்டி காலியாகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். என் கடைக் கல்லாவில் இருக்கிறவன் அப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அவள் உடனே அந்த நெட்வேர்க்காரர்களுக்கு அறிவித்துவிட்டாள். அவர்களும் நன்றி சொல்லி, அடைக்கும்வரை பேசக் கூடாது என்று ஞாபகப்படுத்தினார்கள். ஆனால் அடைப்பது லேசான வேலை இல்லை. விதியை மாற்றுவதற்குப் பல நாடுகளில் இருக்கிறவர்கள் சம்மதிக்க வேண்டும். என்னத்துக்காக மாற்றுகிறார்கள் என்று வெளியே தெரியாமலும் மாற்ற வேண்டும். நாட்கள் போயின. இஃப்தாருக்கு உட்காரும்போது மகள் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனாள். நோன்புக் களைப்பு என்று நினைத்தோம். "வயித்தப் போட்டுக் காய வைக்காத" என்று உம்மாக்காரி ஏசினாள்.

பெருநாள் வந்தது. வழக்கம்போல முதலில் மச்சான் வீட்டுக்குப் போனோம். வட்டிலப்பம் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தான். மகளுக்குப் பெரிய துண்டு.

"என்ன மகள், பாத்தியா நான் சொன்னத?"

மகள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "பாத்துட்டு இருக்கேன் மாமா."

"சுறுக்காப் பாரு. ஊட்டுக்குக் கூர போட்டு முடிஞ்ச பொறகு வந்து சொல்லாத."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஒருவர் காசும் போகவில்லை. மச்சானின் காசு அப்படியே இருந்தது, அவனுடைய மகனின் காசும், அந்த அறைப் பையன்களின் காசும். நெட்வேர்க்காரர்கள் நடந்ததை ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவித்து, ஓட்டையைக் கண்டவருக்கு வெகுமதி என்று மகள் அங்கே வைத்திருக்கிற பெயரையும் போட்டார்கள். காலையில் மாடிப்படியில் இறங்கி வந்து அவள்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். தொகையை எழுத மாட்டேன், கண் படும்.

நான் விடுவேனா? கடையில் இருந்தவர்களிடம் சொன்னேன். பள்ளிவாசலில் சொன்னேன். நாவுலயிலிருந்து சரக்கு கொண்டுவந்த சிங்கள வியாபாரிக்கு அவருடைய பாஷையிலேயே விளங்கப்படுத்தினேன். மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக் காசைக் காப்பாற்றியவள் என் மகள். சாப்பாடு கொடுக்காமல் எப்படி இருப்பது?

"சாப்பாடெல்லாம் வேணாம் வாப்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. மூட்ட சொமந்தவன்ட மகளெண்டு ஊருக்குத் தெரியட்டும்."

அந்தச் சாப்பாட்டை இன்றைக்குக் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

சஹன் சாப்பாடு. பெரிய வட்டத் தட்டில் புரியாணியைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். எத்தனையோ கல்யாணத்தில், எத்தனையோ கந்தூரியில் நானும் மச்சானும் ஒரே சஹனில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நல்ல இறைச்சித் துண்டை நான் பார்ப்பதற்கு முன் அவன் என் பக்கம் தள்ளிவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான். எங்கள் சஹனில் ஜமாஅத் தலைவரும் இருந்தார். அவர் விஷயத்தை விவரமாகக் கேட்டார். நான் பலகையில் தொடங்கி ஒட்டகம் வரைக்கும் சொன்னேன். அது எந்த நெட்வேர்க் என்று கேட்டபோது எனக்குப் பெயர் வாயில் வரவில்லை. உள் அறையில் பெண்களோடு இருந்த மகளைக் கூப்பிட்டேன். அவள் கதவுத் திரைப் பக்கம் வந்து நின்று பெயரைச் சொன்னாள்.

மச்சான் எடுத்த கவளம் அவன் கையிலேயே நின்றது.

"அது நம்மட காசு இருக்கிறதல்லோ மகள்?"

"ஓம் மாமா."

"அதிலயா ஓட்ட இருந்திச்சி?"

"இப்ப இல்ல மாமா. அடைச்சிட்டாங்க. உங்கட காசுக்கு ஒண்டும் ஆகல்ல."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "பெருநாளைக்கு முந்தின கெழம" என்றாள்.

"பெருநாளைக்கு எங்கட ஊட்டுக்கு வந்தாய். நான் கேட்டேன்."

"ஓம் மாமா."

"பாத்துட்டு இருக்கேன்டு சொன்னாய்."

"பாத்து முடிஞ்சிருந்திச்சி மாமா. சொல்ல ஏலாம இருந்திச்சி."

மச்சான் கவளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கையை வெளியே எடுத்தான். சாப்பிட்டு முடிக்காமல் ஒருவர் சஹனை விட்டு எழுந்தால் மற்றவர்களுக்கும் கை ஓடாது. தலைவர், "இருங்க, இருங்க, சாப்பாட்டுல எழும்பப்படாது" என்றார். அவன் எழுந்து, வாளித் தண்ணீரில் கையை அலம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தங்கையிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் உள்ளிருந்து ஓடி வந்தபோது வாசலில் ஆள் இல்லை.

அன்று பின்னேரம் சட்டி பானைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு மகளைக் கேட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாந்தானே? அவன் ஒருத்தன் காச எடுத்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"மாமா ஒருத்தர் எடுக்க மாட்டார் வாப்பா. டோஹாவில இருக்கிற மச்சானுக்குச் சொல்லித்தான் எடுக்க வேணும். மச்சான் ரூம்ல இருக்கிறவங்களுக்குச் சொல்வார். சொல்லாம இருப்பாரா? அவங்க கூட்டாளிமாருக்குச் சொல்வாங்க. எல்லாரும் ஒண்டா எடுக்கத் தொடங்கினா, என்னத்துக்கு எடுக்கிறாங்கண்டு கள்ளன் அந்த எழுத்தத் திறந்து பாப்பான். நான் கண்டத அவன் காண எவ்வளவு நேரம் போகும்? முதல்ல போறதே மாமாட காசாத்தான் இருக்கும்."

"வெகுமதிக்காகவா பேசாம இருந்த?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாதுதான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. "அது அமானிதம் வாப்பா" என்று மட்டும் சொன்னாள். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை எங்கள் மார்க்கத்தில் அப்படிச் சொல்வோம். அது பொருளாகவும் இருக்கலாம், பேச்சாகவும் இருக்கலாம். "எனக்குத் தெரியாத ஆயிரம் பேரிட காசு அது. அதில ஒருத்தர்தான் மாமா."

அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. என் மனைவி போன் பண்ணினால் மச்சானின் மனைவிதான் பேசினாள். நானா குளிக்கிறார், நானா கடையில் இருக்கிறார். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். வாப்பா, உம்மா மௌத்தான பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். அவள் என்னையும் குறை சொல்லவில்லை, மகளையும் குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, வேறு அறையில் போய் உட்கார்ந்து தான் சாப்பிடத் தொடங்கினாள்.

நான் போனேன். எந்தச் சிக்கலானாலும் நான் நேரில் போனால் தீரும். பொலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொழும்பு ஏற்றுமதிக்காரர்கள்வரை நான் பேசி மடக்காத ஆள் இல்லை. மச்சானின் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அவன் தேங்காய்களைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், உன்ட காசு போகல்லயே. காப்பாத்தித் தந்தவளோடயா கோபம்?"

"காசப் பத்தி நான் பேசினேனா?"

"பின்ன எதப் பத்தி?"

அவன் இன்னொரு தேங்காயைத் தட்டிப் பார்த்தான். நான் என் பலகையைப் பற்றிச் சொன்னேன். விதையைக் கண்டவன் கடைக்குள்ளே வந்து முதலாளியிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், வாசலில் கூச்சல் போட்டால் எல்லோருக்கும் நட்டம், மகள் செய்ததும் அதுதான் என்றேன். நல்லாகத்தான் பேசினேன்.

மச்சான் தேங்காயைக் கீழே வைத்தான்.

"சரி. உன்ட கடையில விதையக் கண்டவன் உன்கிட்ட வந்து சொல்லட்டும். நான் வேணாமெங்கல்ல. ஆனா அந்த நேரம் நான் அதே சாக்குக்குப் பக்கத்தில பைய விரிச்சிட்டு நிக்கிறேன். நிக்கிறது மட்டுமில்ல, கண்டவன்கிட்ட நானே கேக்கிறேன், மகன், இந்த மொளகு நல்லதாண்டு. அவன் என்ட மொகத்தப் பாத்து, பாத்துட்டு இருக்கேன் மாமாண்டு சொல்லிட்டு, நான் குடுத்த வட்டிலப்பத்தத் தின்னுட்டுப் போறான். அப்ப நான் அவனுக்கு யாரு மச்சான்?"

  என் ஆயுளில் ஒரு பேச்சுக்குப் பதில் இல்லாமல் நான் எழுந்து வந்தது அந்த ஒரு தடவைதான்.

"யாரோ ஒருத்தன் கேட்டிருந்தா அவ பேசாம இருக்கலாம்" என்று அவன் பின்னாலிருந்து சொன்னான். "நான் கேட்டேன். நான் கேட்டதால தேடினா. தேடிக் கண்டத எனக்கு மட்டும் சொல்லல்ல."

அவனுடைய இளைய மகளின் வீட்டுக்கு அந்தக் காசில்தான் அத்திவாரம் போட்டார்கள், அந்தக் காசில்தான் கூரை போட்டார்கள். கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்ன மச்சான் எங்களுக்குப் போனில் சொன்னான். என் மனைவி மட்டும் போனாள். திரும்பி வந்தவளிடம், மாமா என்னைக் கேட்டாரா என்றாள் மகள். "கேட்டார், கேட்டார். ஏன் வரல்லண்டு கேட்டார்" என்றாள் உம்மா, முகத்தைத் திருப்பிச் சேலையை மடித்துக்கொண்டே. மகள் மாடிப்படி ஏறிப் போனாள்.

மகளிடமும் ஒரு மாற்றம் வந்திருந்தது. உறவினர்கள் வந்து, இன்ன இடத்தில் காசு போட்டிருக்கிறேன், இன்ன கம்பெனி நல்லதா என்று பேச்சைத் தொடங்கினாலே எழுந்து போய்விடுவாள். ஒரு நாள் என்னிடமும் சொன்னாள்: "வாப்பா, உங்கட காசு எங்க இருக்குண்டு எனக்குச் சொல்லாதீங்க." நான் கடுப்பானேன். நான் உழைத்து வைத்தது யாருக்காக?  பழைய சிநேகிதிகள் வருவது குறைந்தது. திமிர் பிடித்துவிட்டது என்று சொன்னார்களாம். முன்னைவிடப் பெரிய பெரிய வெகுமதியெல்லாம் பிறகு வாங்கினாள். வாங்கியதை மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்வதில்லை. நானும் சாப்பாடு கொடுக்கவில்லை.

போன மாரியில் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஒபரேஷன் செய்தார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்து சில நாளில், முற்பகல் நேரம், வாசலில் ஸலாம் சத்தம் கேட்டது. மச்சான். ஒரு கையில் தம்பிலி இளநீர்க் குலை. தலைமுடி நன்றாக நரைத்திருந்தது.

தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "கல்லெல்லாம் எடுத்தாச்சா? உன்ட புருசன் அதையும் மொளகோட கலந்து வித்திருப்பான், பாத்துக்க" என்றான். என் மனைவி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "நானா, சிரிக்க வைக்காதீங்க, நோகுது" என்று அழுதாள். நான், "உன்ட பருப்புல இருக்கிற கல்லவிடக் கொறவுதான்டா" என்றேன். எத்தனை காலத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு ஏச்சு! 

மகள் தேநீர் கொண்டு வந்தாள்.  மச்சான் கோப்பையை வாங்கிக்கொண்டு, "உக்காரு மகள்" என்றான். அவள் உம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"ஊடு கட்டி மிஞ்சினது கொஞ்சம் இருக்கு. மகன் அத இப்ப வேற ஒரு நெட்வேர்க்ல போட்டிருக்கான். எனக்கு இதெல்லாம் வெளங்காது. உன்னத்தான் கேக்கணும். அதிட பேரு வந்து—"

"மாமா, சொல்லாதீங்க."

கோப்பை அவன் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

அவன் எதற்கு அந்தப் பேச்சை எடுத்தான் என்று எனக்கு விளங்கியது. என் மனைவிக்கும் விளங்கியது. காசுக்காக வந்த பேச்சு இல்லை அது. கேட்ட இடத்திலேயே மறுபடியும் கேட்டு, உன்னை நம்புகிறேன் மகள் என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மகளுக்கும் விளங்கியிருக்கும்.

"ஏன் மகள்? இன்னும் கோபமா?"

"கோபமில்ல மாமா. நீங்க பேரச் சொன்னா நான் அதத் தேடாம இருக்க மாட்டேன். தேடினா என்னமாவது காணுவேன். கண்டா உங்களுக்குச் சொல்ல ஏலா. திரும்ப உங்கட மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல என்னால ஏலா மாமா."

மச்சான் கோப்பையைத் தரையில் வைத்தான். நான் எதிர்பார்த்தது கோபம். அவன் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"அப்பிடி ஒண்டு கண்டா, முதல்ல மாமாக்குச் சொல்லுவேன்டு சொல்லு. நீ சொல்லத் தேவையில்ல. நான் கேக்கவும் மாட்டேன். சொல்லுவேன்டு மட்டும் சொல்லு. பொய்க்காவது சொல்லு மகள்."

என் மனைவி மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல் என்று மனதுக்குள் கத்தினேன். ஒரு சொல்தானே. வியாபாரத்தில் நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன். அவளுடைய உதடு அசைந்தது. கண்ணீர் மடியில் விழுந்தது. சொல் வரவில்லை.

 மச்சான் தங்கையின் நெற்றியில் கைவைத்து, "பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

பஸ் ஹோல்ட்வரைக்கும் அவனோடு நடந்தேன்.  இரத்தோட்டை பஸ் திரும்பி வருவது தெரிந்ததும் அவன் தொப்பியைச் சரிசெய்தான்.

"உன்ட மகள் நேர்மையான புள்ள மச்சான். ஊருக்கெல்லாம் அப்பிடி ஒரு புள்ள வேணும்." மிதிபலகையில் கால் வைத்தான். "எனக்கு என்ட தங்கச்சிட மகள்தான் வேணுமா இருந்திச்சி."

பஸ் உடனே எடுக்கவில்லை. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற பக்கத்தில் ஜன்னலோர சீட் ஒன்று காலியாகத்தான் இருந்தது. அவன் அதைத் தாண்டிப் போய் மறுபக்கத்தில் உட்கார்ந்தான்.